நாற்பது வாட்

அப்புத்தளையில் மூடுபனிக்குக்
கதவு தட்டிப் பழக்கமில்லை.
தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே
இரண்டு விரல் இடைவெளி போதும்.
நேற்றுத் தீட்டி வைத்த சாய்வுளியின் முகத்தில்
விடியும்போது
சாயத் தண்ணீர் தெறித்த மாதிரி ஒரு கறை.

இஸ்தோப்பில் லேத்தைப் பூட்டிய அன்று
உளிகளை எங்கே வைப்பதென்று
யாரும் யோசிக்கவில்லை.
மோட்டார் பதுளைப் பழைய இரும்புக் கடையில் வந்தது,
பெல்ட் யாரோ ஒருவரின் மாவு மில்லில்.
பேச்செல்லாம் அதைப் பற்றித்தான்.
பதினொரு உளிகளும் அரிசிச் சாக்கில் கிடந்து
ஒன்றின் வாயை ஒன்று கடித்துக்கொண்டிருந்தன.

போயா லீவில் வந்த அருளானந்தம்
தண்ணீர்க் குழாயைத் துண்டு துண்டாய்ச் சரித்து வெட்டிப்
பலகையில் வரிசையாக அறைந்தார்.
சின்னது இடப்பக்கம், பெரியது வலப்பக்கம்.
கொழும்பில் ஹார்ட்வெயார் கடை வேலை அவருக்கு.
உலகமே அரை அங்குலம், முக்கால், ஒன்று.

நான் இடக்கைக்காரி.
கட்டையை உருட்டியெடுக்கப் பெரிய குழியுளி,
அதை மழுப்பச் சாய்வுளி,
அறுத்து விட வெட்டுளி:
வேலை வருகிற முறையில்தான் கை போகும்.
அவர் பஸ் ஏறியதும் மாற்றி வைப்பேன்.
அடுத்த போயாவுக்கு வந்து
திருப்பி வைத்துவிட்டுப் போவார்.
நாலு வருசம்.
இதைப் பற்றி எங்களுக்குள்
ஒரு வார்த்தை பேச்சில்லை.

கட்டை சுழன்று தூள் பறக்கும்போது
கண்ணை நம்ப முடியாது.
ஆகவே பிடிகளைக் கழற்றிப் புதிதாய்க் கடைந்தேன்.
குழியுளிக்குக் கழுத்தில் இரண்டு வளையம்.
சாய்வுளிக்கு வயிறு.
வெட்டுளிக்கு ஒன்றுமில்லை, வெறும் உருளை.
தொட்டால் பெயர் தெரியும்.

துருவுக்குத் தேங்காயெண்ணெய் பூசிப் பார்த்தேன்;
பிசினாகித் தூளைப் பிடித்துக்கொண்டது.
கரியைத் துணியில் முடிந்து தொங்கவிட்டேன்;
முதலில் நனைந்தது கரி.
கடைசியில்
ஈயத்தாள் உரியாத தேயிலைப் பெட்டி இரண்டை
ஒன்றன்மேல் ஒன்று பொருத்திச் சுவரில் நிறுத்தி,
குழாய் வரிசையை உள்ளே ஏற்றி,
அடியில் ஒரு நாற்பது வாட் மின்குமிழைப் போட்டுக்
கதவைச் சாத்தினேன்.
உளிகளுக்குக் குளிர் விட்டது.

ராத்திரி வேலை முடிந்து வந்த
பக்கத்துக் காம்பராப் பவளக்கொடி
இடுக்கில் வெளிச்சம் கண்டு
பெட்டி மேல் ஒரு செவ்வரத்தம்பூ வைத்துவிட்டாள்.
"எந்தச் சாமி, அக்கா?"
"துருப் பிடிக்காத சாமி" என்றேன்.
சிரிப்பாள் என்று பார்த்தேன்.
மறுநாள் தன் தையல் கத்தரிக்கோலோடு வந்தாள்.
"இதையும் உள்ளே வைங்க."

அதற்குப் பிறகு
மூன்று கவ்வாத்துக் கத்தி.
யாருடையதோ ஒரு திருகாணிப் பை.
மழைக்காலம் முழுக்க இருமுகிற ஒரு ரேடியோ.
எல்லாம் சூடு காய வந்தவை.
சின்னது பெரியது ஒழுங்கும் போச்சு,
என் முறையும் போச்சு.
மின்சாரப் பில் என் பெயருக்குத்தான் வருகிறது.

பண்டாரவளை விடுதிக்கு
நாற்பது கதவுக் குமிழ்,
திங்கட்கிழமைக்குள்.
முப்பத்தாறாவதை அறுக்க வேண்டிய நேரம்.
கண்ணைக் கட்டையில் வைத்தபடியே
இடக்கையைப் பின்னால் நீட்டிப் பெட்டிக்குள் விட்டேன்.
வெறும் உருளை. இளஞ்சூடு.
இழுத்தேன்; கனமே இல்லை.
சுருட்டி ரப்பர் பேண்ட் போட்ட காகிதம்:
கோடி வீட்டுத் தவசீலனின்
சாதாரண தரச் சான்றிதழ்.
கணக்கில் சி.

லேத்தை நிறுத்தினேன்.
பெல்ட் தானாக ஓய்கிற வரைக்கும்
அதைக் கையில் வைத்திருந்தேன்.
பிறகு இருந்த குழாயிலேயே திருப்பிச் செருகிவிட்டு
வெட்டுளியைத் தேடினேன்.

இந்தப் போயாவுக்கு வந்தவர்
கதவைத் திறந்து
வெகுநேரம் நின்றார்.
எதையும் மாற்றவில்லை.
"குழாய் மிச்சம் ஏதும் கிடக்கா?" என்றார்.